நா திக்கியது, பேனா திக்கவில்லை!

சென்ற திங்கள், ஒரு பள்ளியின் ஆண்டு விழாவிலே, மாணவர் எழுதிய கவிதைகளுக்குப் பரிசு தேர்ந்தெடுக்க மூவரை அமர்த்தினர். மூவரில் நாமும் ஒருவர். நாற்பதுக்கு மேற்பட்ட தாள்கள் நம் முன்னே வந்து குவிந்தன. பொருள் அவரவர் விருப்பம் என்று விட்டிருந்தனர். பிள்ளைகள் பெரும்பாலும் நிலவையே பிடித்துக் கொண்டனர். நிலவு மங்கையின் முகமாம், வெள்ளித் தட்டாம், பாட்டி சுட்ட வடையாம். 1969-ல் மனிதன் அங்கே கால் வைத்தான். 2023 ஆகஸ்டு 23-ல் நம் நாட்டுக் கலமே அதன் தென் துருவத்தருகே இறங்கிற்று. இரண்டில் ஒன்றேனும் எந்தத் தாளிலாவது தலைகாட்டியதா என்றால், இல்லை.

ஒரே ஒரு தாள் வேறாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பெண். தந்தை விசைத்தறித் தொழிலாளி. இலையைப் பற்றி எழுதியிருந்தாள். இலை என்பது புகையில்லாத அடுக்களை, வெயில்தான் விறகு, வேர் தண்ணீர் சுமந்து வருகிறது, நாம் விட்ட மூச்சை வாங்கிக்கொண்டு நமக்கே சோறாக்கித் தருகிறது என்ற கருத்துப்பட எழுதியிருந்தாள். எதுகை இரண்டோரிடத்தில் இடறியது உண்மை. ஆனால் படித்த நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

மற்ற இருவர் என்ன சொன்னார்கள் தெரியுமா? இது கவிதையல்ல, அறிவியல் தேர்வுக்கு எழுதிய விடை என்றனர். கவிதைக்கு அழகு வேண்டும், அறிவியல் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும் என்றனர். வாதாடிப் பார்த்தோம். இரண்டுக்கு ஒன்று! தோற்றோம். பரிசு வெள்ளித் தட்டுக்குப் போயிற்று.

தோழர்களே! இந்த வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்து நாட்டிலே, இதே குற்றச்சாட்டின் பேரில் ஒரு கவிஞன் கூண்டில் ஏற்றப்பட்டான். அறிவியலைப் பாட்டாக்கினான் என்பதுதான் அவன் மீது குற்றம். புகழின் உச்சியிலிருந்த அவனைச் சிரித்தே கீழே தள்ளினர். அவன் பெயர் எராஸ்மஸ் டார்வின்.

டார்வின் என்றதும், குரங்கிலிருந்து மனிதன் வந்ததாகச் சொன்னவர்தானே என்று கேட்பீர்கள். அந்த டார்வின் பேரன். நாம் சொல்வது பாட்டனை. பேரன் பிறந்தது 1809-ல். பாட்டன் இறந்தது 1802-ல். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. ஆனாலும் பேரன் உலகுக்குச் சொன்ன பெரிய செய்தியின் முதல் முணுமுணுப்பு பாட்டனின் பாட்டிலே கேட்கிறது.

1731 டிசம்பர் 12-ல், நாட்டிங்காம்ஷயரில் எல்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார் எராஸ்மஸ். தந்தை வழக்கறிஞர். ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. கேம்பிரிட்ஜிலும் எடின்பரோவிலும் படித்து மருத்துவரானார். 1756-ல் நாட்டிங்காமில் மருத்துவமனைப் பலகை மாட்டினார். ஒரு நோயாளியும் எட்டிப் பார்க்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் லிச்ஃபீல்டு நகருக்குக் குடியேறினார். அங்கே, மற்ற மருத்துவர்கள் கைவிட்டுவிட்ட ஓர் இளைஞனைப் பிழைக்க வைத்தார். பிறகு வாசலில் கூட்டம்.

ஆள் எப்படியிருப்பார்? பருத்த உடல். அம்மைத் தழும்பேறிய முகம். 1768-ல் வண்டி கவிழ்ந்து முழங்காற் சில்லு உடைந்ததால் நடையில் நொண்டல். இவை போதாதென்று திக்குவாய்! மேடையேறி முழங்கக் கூடியவரல்லர். நம்மைப் போன்றவர்கள் அரைமணி நேரத்தில் பேசித் தீர்ப்பதை அவர் பேச ஒரு நாள் ஆகும். ஆனால் பேனாவைக் கையிலெடுத்துவிட்டால் திக்கல் பறந்துவிடும்.

ஏழைகளிடம் காசு வாங்காமல் மருத்துவம் பார்த்தார். பணக்காரர் வீடுகளுக்கு நெடுந்தொலைவு வண்டியில் போவார். அந்த வண்டி ஓர் உருளும் படிப்பகம்: ஒருபுறம் புத்தகங்கள், ஒருபுறம் தின்பண்டக் கூடை, மடியிலே எழுதுபலகை. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கிக்கொண்டே எழுதியவைதான் பின்னால் வந்த பாட்டுகளில் பல. மூன்றாம் ஜார்ஜ் மன்னன் தன் அரண்மனை மருத்துவராக வரும்படி அழைத்தான், இவர் மறுத்துவிட்டார் என்று கூறுவர். அரண்மனை வாசலில் தவங்கிடக்கும் கவிராயர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்புத்தான்!

இனி, நிலவுக்கு வருவோம். பிள்ளைகள் வடையென்றும் தட்டென்றும் எழுதினார்களே, அந்த நிலவுக்கு டார்வினும் தோழர்களும் ஒரு வேலை கொடுத்தார்கள். பர்மிங்காம் வட்டாரத்தில் ஒரு கழகம். பெயரே நிலாக் கழகம். திங்கள்தோறும் முழுநிலவை ஒட்டிய நாளில் கூடுவார்கள். ஏன் முழுநிலவு? விரதமா? பூசையா? இரண்டுமில்லை. தெருவிளக்கில்லாத காலம், கூட்டம் முடிந்து குதிரையேறி வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும். அவ்வளவுதான்!

அந்தக் கூட்டத்தில் யார் யார்? நீராவிப் பொறியைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட். அந்தப் பொறியைத் தொழிற்சாலையில் வார்த்தெடுத்து நாடெங்கும் அனுப்பிய மாத்யூ போல்டன். குயவர் குடும்பத்தில் பிறந்து, பானை வனைவதையே பெருந்தொழிலாக்கிய ஜோசையா வெட்ஜ்வுட். உயிர்வளியைக் கண்டறிந்தோரில் ஒருவரான பாதிரியார் பிரீஸ்ட்லி. இவர்களோடு டார்வின். நம் படிப்பகங்களில் மாலை வேளைகளில் ஏடு படித்து வாதாடுவார்களே, அப்படித்தான் அங்கும். ஆனால் அங்கே வாதத்துக்குப் பொருள் மின்சாரம், கால்வாய், களிமண், காற்று.

அங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. டார்வின் ஒரு பேசும் பொறி செய்தார். மரத்தால் வாய், தோலால் உதடு, துருத்தியால் மூச்சு. அது மாமா, பாப்பா என்று குழந்தைபோலச் சொல்லும். திக்குவாயர் செய்த பேசும் பொறி! போல்டன் 1771-ல் ஒரு பந்தயம் எழுதிக் கொடுத்தார்: கிறித்தவர்களின் முக்கிய வழிபாட்டு வாசகங்களையும் பத்துக் கட்டளைகளையும் மக்கள் மொழியிலே ஒப்பிக்கும் பொறியைச் செய்து தந்தால் ஆயிரம் பவுன்! இயந்திரம் போல ஓதுவதற்கு இயந்திரமே போதாதா என்ற குறும்பு அதில் இருந்ததாகவே நாம் கருதுகிறோம். பொறி அவ்வளவு தூரம் வளரவில்லை. ஆயிரம் பவுனும் கை மாறவில்லை.

வெட்ஜ்வுட்டின் முயற்சியால் டிரென்ட், மெர்சி என்ற இரு ஆறுகளை இணைக்கும் கால்வாய் வெட்டினார்கள். மலையைக் குடைந்தபோது, 1767-ல், மண்ணுக்குள்ளிருந்து பழங்கால உயிர்களின் எலும்புகள் வெளிவந்தன. அவற்றை வெட்ஜ்வுட் டார்வினுக்கு அனுப்பினார். மலையின் வயிற்றுக்குள் எலும்பு எப்படிப் போயிற்று? உலகம் படைக்கப்பட்டு ஆறாயிரம் ஆண்டுகள்தாம் என்று கோயில்கள் கணக்குச் சொல்லிக் கொண்டிருந்த காலம் அது. டார்வின் சிந்தித்தார். அவர் குடும்ப இலச்சினையில் மூன்று சிப்பிகள் உண்டு. 1770 வாக்கில் அதன் கீழே, அனைத்தும் சிப்பியிலிருந்தே வந்தன என்ற பொருளில் இலத்தீன் தொடர் ஒன்றைச் சேர்த்து, வண்டிக் கதவில் எழுதி ஊரெல்லாம் ஓட்டினார்.

சும்மா இருப்பார்களா? லிச்ஃபீல்டுப் பெருங்கோயிலைச் சேர்ந்த செவார்டு என்ற பாதிரியார், இவன் படைத்தவனையே மறந்துவிட்டான் என்று ஏசி ஒரு நையாண்டிப் பாட்டுக் கட்டிவிட்டார். டார்வின் என்ன செய்தார்? வண்டியில் எழுதியதை வண்ணம் பூசி அழித்தார். நோயாளிகள் வராமற் போய்விடுவார்களே என்ற அச்சம். இதை மறைக்க நாம் விரும்பவில்லை. வீரர்களைப் பற்றி மட்டுமே எழுதுவதென்றால் வரலாறு எழுத முடியாது. ஆனால் தம் புத்தகங்களில் ஒட்டும் சீட்டிலே மட்டும் அந்தத் தொடரை விடாமல் வைத்துக் கொண்டார். வெளியே அழித்ததை உள்ளே காத்தார். இருபத்தைந்து ஆண்டுகள்!

அந்தப் பாதிரியாருக்கு ஒரு மகள், அன்னா. டார்வின் லிச்ஃபீல்டுக்கு வந்தபோது அவளுக்கு வயது பதிமூன்று, பதினான்கு இருக்கும். கவிதை எழுதுவாள். பெண்பிள்ளைக்குப் பாட்டெதற்கு, ஊசியும் நூலும் போதாதா என்று வீட்டிலே முகஞ்சுளித்தனர். அந்த வீட்டுக்கு வந்துபோன டார்வின்தான் அவள் எழுதியதைப் படித்துப் பார்த்து, இந்தப் பெண்ணிடம் திறமை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னவர். நாட்டில் புகழ்பெற்ற கவிஞராகப் பின்னாளில் அன்னா விளங்கினார்.

1777 அளவில், ஊருக்கு வெளியே ஊற்றும் சேறுமாய்க் கிடந்த ஒரு பள்ளத்தாக்கை டார்வின் வாங்கினார். நீரைத் தேக்கினார், ஓடை வெட்டினார், செடிகளை வகை பிரித்து நட்டார். பார்க்க வந்த அன்னா, மரத்தடியில் அமர்ந்து அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பாட்டெழுதினார். படித்த டார்வினுக்குப் பொறி தட்டிற்று. தாவர இயல் முழுவதையும் இப்படிப் பாட்டாக்கினால் என்ன? அன்னா பாட்டெழுதட்டும், தாம் கீழே அறிவியல் குறிப்பு எழுதுவோம் என்று திட்டம் சொன்னார்.

இங்கேதான் ஒரு சிக்கல். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், பூக்களுக்குள்ளே ஆணுறுப்பு எத்தனை, பெண்ணுறுப்பு எத்தனை என்று எண்ணித்தான் செடிகளை வகைப்படுத்தியிருந்தார். மகரந்தத் தாளும் சூலகமும் இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்து பெயர் குறிக்கும் சங்கதி. அன்றைக்கோ அது அவமானம்! பூவுக்கு ஆண் பெண் உண்டென்று ஒரு பெண் எழுதினால் ஊர் என்ன பேசும்? அன்னா தயங்கினார், அதை நீங்களே எழுதுங்கள் என்று ஒதுங்கிக் கொண்டார். பூவைத் தலையில் சூடலாம், சாமிக்குச் சாத்தலாம், அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று மட்டும் சொல்லக் கூடாது! மடமைக்கு நாடேது, மொழியேது?

டார்வின் எழுதினார். முதலில் லின்னேயஸின் இலத்தீன் நூல்களை ஆங்கிலமாக்கினார். அறிவு ஆண்டைகளின் மொழியிலே அடைபட்டுக் கிடந்தால் தோட்டக்காரனுக்கு என்ன பயன்? நம் இயக்கம் தமிழிலே அறிவியல் வேண்டுமென்று வாதாடுவதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பிறகு, செடிகளின் காதல் என்ற பாட்டு நூலை 1789-ல் வெளியிட்டார். பெயர் போடவில்லை, மீண்டும் அதே அச்சம். நூலோ நன்றாக விற்றது. ஒவ்வொரு செடியும் ஒரு காதற்கதை. மேலே ஈரடிப் பாட்டு, கீழே அடிக்குறிப்பு. பாட்டு இழுத்து வரும்; குறிப்பு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும். மகிழ்ந்து படித்தவன் அறியாமலே தாவர இயல் கற்றுவிடுவான்.

அடுத்த பகுதி 1791-ஆம் ஆண்டைத் தாங்கி வந்தது. இரண்டும் சேர்ந்து தாவரத் தோட்டம் என்ற பெருநூலாயிற்று. இந்தப் பகுதி நான்கு காண்டம்: தீ, நிலம், நீர், காற்று. கொல்லன் உலையும், குயவன் சூளையும், வாட்டின் நீராவிப் பொறியும், பிராங்ளினின் இடிதாங்கியும் ஆங்கிலச் செய்யுளிலே ஆரவாரமாக நுழைந்தன. அதுவரை அந்த வாசலில் அரசனும் தேவதையும் ஆட்டிடையனும்தாம் நின்றார்கள். இப்போது எண்ணெய்க் கறை படிந்த கைகள் உள்ளே வந்தன. நீராவி ஒரு நாள் படகையும் வண்டியையும் இழுக்கும், வானத்திலும் பறக்கச் செய்யும் என்று அதிலே எழுதினார். அப்போது இருப்புப்பாதையில் நீராவி வண்டி ஒன்றுகூட ஓடியதில்லை.

அடிமை வாணிபத்தைச் சாடவும் அதே பாட்டைப் பயன்படுத்தினார். விலங்கிட்டு மண்டியிட்ட நீக்ரோ ஒருவனின் உருவத்தைப் பதக்கமாக வெட்ஜ்வுட் 1787-ல் செய்து பரப்பினார்; அதன் படம் டார்வின் நூலிலும் இடம்பெற்றது. பர்மிங்காமிலே அடிமைகளுக்கு வாய்ப்பூட்டு செய்கிறார்கள் என்ற செய்தி 1789-ல் டார்வின் காதுக்கு எட்டியபோது, அதில் ஒன்றை நாடாளுமன்றத்துக்கே எடுத்துப் போய்க் காட்ட ஏற்பாடு செய்யலாமே என்று வெட்ஜ்வுட்டுக்கு எழுதினார். அடிமை வாணிபத்தைப் பிரிட்டன் தடை செய்தது 1807-ல். இவர் கண்மூடி ஐந்தாண்டுகள் கழித்து.

குறையும் சொல்லிவிடுவோம். பகுத்தறிவாளர் எழுதிய பாட்டிலே தேவதைகளும் பூதங்களும் எதற்கு? தீக்கு ஒரு பூதம், நீருக்கு ஒரு கன்னி என்று கூட்டி வந்துவிட்டார். நீராவிப் பொறிக்கே ஒரு வீரம் உண்டு. அதற்கு வால்பிடிக்க வனதேவதை வேண்டியதில்லை. சொல்லும் சில இடங்களில் நகைக்கடைப் பொம்மை போல மின்னுகிறது. இன்னொன்று இதைவிடப் பெரிய குறை. அன்னா தோட்டத்தில் எழுதிய வரிகளை எடுத்துத் தம் நூலின் தொடக்கத்தில் வைத்துக் கொண்டார். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. பதிமூன்று வயதில் தட்டிக் கொடுத்த கை, பின்னால் பறித்துக்கொண்டது. டார்வின் இறந்தபின், 1804-ல், அவர் வாழ்க்கையை நூலாக எழுதிய அன்னா அதையும் எழுதி வைத்தார். சரியாகத்தான் செய்தார்.

இதற்குள் பிரான்சிலே புரட்சி வெடித்திருந்தது. டார்வின் மகிழ்ந்தார், பாட்டிலும் வரவேற்றார். இங்கிலாந்தின் பிரபுக்களுக்குத் தூக்கம் போயிற்று. 1791 ஜூலையில், கோயிலுக்கும் மன்னனுக்கும் ஜே போட்ட ஒரு கும்பல் பர்மிங்காமில் பிரீஸ்ட்லியின் வீட்டை, ஆய்வுக்கூடத்தை, நூல்களைக் கொளுத்திச் சாம்பலாக்கிற்று. அவர் பிறகு அமெரிக்காவுக்கே போய்விட்டார். டார்வின் அப்போது டார்பி நகரில் குடியிருந்தார். அங்கே 1783-ல் அவர் தொடங்கி நடத்திய அறிவுக் கழகம், பிரீஸ்ட்லிக்கு ஆறுதல் மடல் எழுதி அனுப்பிற்று. அன்றைய சூழலில் அதுவே துணிச்சல்.

1794-ல் டார்வினும் துணிந்தார். சூனோமியா என்ற மருத்துவப் பெருநூலில், வண்டிக் கதவில் அழித்ததைத் தாளிலே எழுதினார். வெப்பக் குருதி உயிர்கள் எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரே உயிரிழையிலிருந்து கிளைத்திருக்கலாம் என்றார். அவர் நாத்திகரல்லர், முதற்காரணமாய் ஒருவன் இருப்பதாகவே நம்பினார். இருந்தும் ரோமாபுரி 1817-ல் அந்நூலைத் தடைசெய்த நூல்களின் பட்டியலில் சேர்த்தது.

பிரபுக்கள் நெருப்பு வைக்கவில்லை. அதைவிடக் கொடிய கருவி ஒன்று அவர்களிடம் இருந்தது. ஏளனம்! 1798-ல் அரசுக்கு வேண்டியவர்கள் நடத்திய ஓர் ஏட்டிலே, செடிகளின் காதலைக் கேலி செய்து முக்கோணங்களின் காதல் என்று ஒரு பாட்டு வந்தது. எழுதியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கேனிங், அப்போதே அரசாங்கத்தில் பதவி வகித்தவர். பிற்காலத்தில் தலைமை அமைச்சரே ஆனார். செடி காதலித்தால் முக்கோணம் காதலிக்காதா என்று கேட்டு நாடே சிரித்தது. உயிர்கள் படிப்படியாய் வளர்ந்தன என்பதும் சிரிப்புக்குரியது, மின்சாரத்தால் மனிதனுக்குப் பயன் வரும் என்பதும் சிரிப்புக்குரியது. அந்தக் கேலிப் பாட்டை இன்று யாரேனும் எடுத்துப் படித்தால், மின்விளக்கின் அடியிலேதான் படிப்பார்கள். ஆனால் கேலி வேலை செய்தது. டார்வினின் கவிப்புகழ் சரிந்தது. அவருடைய நூலை வெளியிட்ட ஜோசப் ஜான்சன் என்ற பதிப்பாளரை, வேறொருவர் எழுதிய அரசியல் துண்டு நூலை விற்ற குற்றத்துக்காக 1799-ல் சிறையிலடைத்தார்கள்.

டார்வின் எழுதுவதை நிறுத்தினாரா? இல்லை. நாம் மிகவும் மதிப்பது அவருடைய முதுமைக்கால நூல்களைத்தான்.

முதல் மனைவி இறந்தபின், மணவாழ்க்கைக்கு வெளியே அவருக்கு இரு பெண்கள் பிறந்தனர். ஊர்வாய்க்கு அஞ்சி ஒளித்து வைக்காமல் தம் வீட்டிலேயே வளர்த்துப் படிக்க வைத்தார். பெயரில்லாப் பிள்ளைகள் என்று உலகம் ஒதுக்கும் அந்தப் பெண்கள் தம் காலில் நிற்க, 1794-ல் ஆஷ்போர்ன் என்ற ஊரிலே பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கச் செய்தார். ஒருத்திக்கு வயது இருபத்திரண்டு, அடுத்தவளுக்கு இருபது. அந்தப் பள்ளிக்காக 1797-ல் ஒரு கல்வித் திட்டமும் எழுதி வெளியிட்டார். பெண்கள் தாவர இயல் படிக்க வேண்டும், வேதியியல் படிக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், பணக் கணக்கு அறிய வேண்டும் என்றார். பஞ்சாலை, பானைத் தொழிற்சாலை, இரும்பு வார்ப்பகம் ஆகியவற்றை நேரிலே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். தொழிலாளத் தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நம் பிள்ளைகளின் பாடநூலிலே நெம்புகோல் உண்டு, கப்பி உண்டு, வெப்பம் உண்டு. அந்த நெம்புகோலை நாளெல்லாம் பிடிப்பவர் அப்பா. அவர் வேலை செய்யும் கூடத்தைப் பள்ளி எப்போதாவது அழைத்துப் போய்க் காட்டியதுண்டா? பெண்ணுக்கு அடக்கமே அழகு என்ற பழைய பல்லவியும் அந்தத் திட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஒரு கால் பழமையில், ஒரு கால் புதுமையில்.

1800-ல் பயிர்த்தொழில் பற்றி ஃபைட்டாலஜியா என்ற நூல். பட்டணத்துக் கழிவுகளைத் தெருவில் அழுகவிட்டும் ஆற்றில் கரைத்தும் வீணாக்குகிறீர்களே, சேர்த்தெடுத்து வயலுக்கு உரமாக்கக் கூடாதா என்று அதில் கேட்டார். செடிப்பேனை ஒழிக்க அதைத் தின்னும் பூச்சியின் புழுவையே பெருக்கலாம் என்றார். இலை, வெயிலின் துணையால் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் உணவு ஆக்குவதையும் எழுதினார். ஆம், எட்டாம் வகுப்புப் பெண் எழுதிய அதே சங்கதி! சுற்றுச்சூழல், நீடித்த வளர்ச்சி என்றெல்லாம் இன்று மாநாட்டு மேடைகளில் பேசுகிறார்கள். சாக்கடை ஆற்றில் கலக்கிறதே என்று அந்தப் பருத்த மனிதர் அன்றைக்கே கவலைப்பட்டார். நம் ஊர் ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அந்தக் கவலை பழையதாகத் தோன்றாது.

1802 ஏப்ரல் 18-ல், டார்பிக்கு அருகில் பிரெட்சல் என்ற இடத்தில், புதிதாகக் குடியேறிய வீட்டிலே திடீரென இறந்தார். வயது எழுபது. முதல் நாள்கூட நண்பருக்கு மடல் எழுதிக் கொண்டிருந்தார். கடைசிக் காவியம் மறு ஆண்டு வெளிவந்தது. பெயர், இயற்கையின் கோயில். கடலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிராய்த் தொடங்கிய வாழ்வு, தலைமுறை தலைமுறையாய் வளர்ந்து, துடுப்பாகி, காலாகி, சிறகாகி வந்த கதையைச் செய்யுளிலே சொல்லி முடித்திருந்தார்.

கேலி செய்தவர்கள் வென்றார்களா? படித்த இளைஞர்களைக் கேளுங்கள். வேர்ட்ஸ்வர்த், சூனோமியாவில் வந்த ஒரு நோயாளியின் கதையை எடுத்து 1798-ல் பாட்டாக்கினார். கோல்ரிட்ஜ் 1796-ல் டார்பிக்கே போய் இவரைப் பார்த்தார். பாட்டைப் பிடிக்கவில்லை என்றாலும் அறிவைக் கண்டு வியந்தார். 1816-ல் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, தன் காதலனும் நண்பரும் டார்வினின் ஆராய்ச்சிகளைப் பற்றி இரவிலே பேசிக் கொண்டிருந்ததைக் கேட்டாள். பிறகு அவள் எழுதிய கதைதான் பிராங்கன்ஸ்டைன். அவள் பெயர் மேரி ஷெல்லி. வெள்ளித் தட்டிலிருந்து இப்படியொரு கதை பிறந்திருக்குமா?

பேரன் சார்லஸ் டார்வின், 1859-ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலால் உலகைக் குலுக்கியவர், 1879-ல் பாட்டனின் வாழ்க்கையை எழுதினார். அச்சுக்குப் போகுமுன் சார்லசின் மகள் சில பகுதிகளை வெட்டிவிட்டார். வெட்டாத முழு நூல் 2003-ல்தான் வெளிவந்தது. பாட்டனுக்கு இறந்த பிறகும் வாய்ப்பூட்டு!

நம் ஏட்டின் ஞாயிறு மலரில் சிறுவர் பக்கம் இருக்கிறது. கிளைக் கழகத் தோழர்கள் தத்தம் வீட்டுப் பிள்ளைகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் எழுதச் சொல்லி அனுப்பலாம். தறி, தண்ணீர்க் குழாய், ஊர்ச் சாக்கடை, வேப்பமரம், மண்புழு, சூரிய மின்தகடு, எதுவும் பொருளாகலாம். எதுகை இடறினால் பரவாயில்லை. ஆனால் டார்வின் செய்ததுபோல, பாட்டுக்குக் கீழே பத்து வரி உரைநடைக் குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அதில் சொல்லும் செய்தி சரியானதா என்று அறிவியல் ஆசிரியரிடம் காட்டிய பிறகு அனுப்புங்கள்.

இலையைப் பாடிய பெண்ணின் தாளை விழாக் குழுவினரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். குறிப்பும் எழுதித் தருவாளா என்று அவள் தந்தையிடம் கேட்டோம். இரவு முறை முடிந்து வீட்டுக்குப் போனதும் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.